இரண்டு அங்குலம்

முதலில் நீலப்பொடி தடவிய நூல்.
ஒரு முனை கெங்காதரனின் கையில்,
மறுமுனை என் கட்டைவிரலுக்குக் கீழே.
"விடு" என்றார்.
சுண்டி விட்டேன்.
கொங்கிறீற் தரையில் ஒரு கோடு விழுந்தது.
பதினேழு வருஷத்தில்
நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட கோடு
அது ஒன்றுதான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய கட்டில் வரும்.
இந்தப் பக்கம் ஃபேர்னஸ், சலவை மெஷின், அரிசி மூட்டை.
ரெஜைனாவில் இரண்டு வீட்டுக்கு வாடகை கட்ட
எங்கள் இரண்டு சம்பளமும் போதாது.
மேலே நான், கீழே அவர்
என்று பேசி முடித்தது ஒரு சனிக்கிழமை,
மிதுஷா நீச்சலுக்குப் போயிருந்த முக்கால் மணி நேரத்தில்.

வெளியே மைனஸ் முப்பத்தி நாலு.
கராஜில் விறைத்துக் கிடந்த மரம்
உள்ளே வந்ததும் வியர்த்தது.
துவாயால் துடைத்தேன்,
காய்ச்சல் பிள்ளையைத் துடைப்பதுபோல.

கடைக்காரன் தோட்டாவில் இயங்கும் ஆணித் துவக்கை
எடுத்துக் காட்டியிருந்தான்.
ஒரு வெடி, ஒரு ஆணி,
அரை மணியில் வேலை முடிந்துவிடும் என்றான்.
கெங்காதரன் அதைத் தொடவில்லை.
துளைக்கும் ட்றில்லுக்கும்
ஒரு பெட்டி நீலத் திருகாணிக்கும் காசு கட்டினார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்காமலே தெரிந்தவை சில
இன்னும் எங்கள் கூட்டுக் கணக்கில் இருக்கின்றன.

தரையில் நுரைப்பட்டை, அதன்மேல்
மருந்தேற்றிய பச்சைப் பலகை.
அவர் துளைக்க
நான் வக்கூம் குழாயைத் துளையோரம் பிடித்தேன்.
பிடித்தும் தூசி பறந்தது.
அவர் புருவம் வெளுத்தது, மீசை வெளுத்தது.
எழுபது வயதில் எப்படி இருப்பார் என்று
அன்றைக்கே பார்த்துவிட்டேன்,
அந்த வயதுவரை பார்ப்பதில்லை என்று
முடிவெடுத்திருந்த நான்.

நாலாவது துளையில் கல் தட்டியது.
"தள்ளிப் போடுங்கோ" என்றேன்.
"ஓம்" என்றார்.
அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

சட்டம் தயாராகித் தரையில் படுத்திருந்தபோது
நகரசபை இன்ஸ்பெக்டர் வந்தார்.
லொரெய்ன் என்று சட்டைப் பையில் தைத்திருந்தது.
பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு
சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார்.
இந்த ஊர் மண் களிமண்.
வசந்தத்தில் தண்ணீர் குடிக்கும், வீங்கும்,
தரையைத் தூக்கும்.
தரை சுவரைத் தூக்கும், சுவர் உத்தரத்தைத் தூக்கும்.
பிறகு மேல்மாடியில் ஒரு கதவும் பூட்டாது.
சுவரை மேலே இருந்து தொங்க விடுங்கள் என்றார்.
கீழே இரண்டு அங்குலம் விடுங்கள்.
நீள ஆணி இரண்டு பலகையையும் கோர்த்திருக்கட்டும்,
ஆனால் இறுக்க வேண்டாம்.
வழுக்க வேண்டும்.

இடைவெளி இரண்டு, பலகை ஒன்றரை,
ஆக மூன்றரை.
பதினாலு கட்டைகளிலும் மூன்றரை அங்குலம் அறுத்தோம்.
விழுந்த துண்டுகளை மிதுஷா
ஒரு பக்கற்றில் அள்ளிக்கொண்டு மேலே போனாள்.
எதற்கு என்று சொல்லவில்லை.

சுவரைத் தூக்கி நிறுத்தியபோது
என் தோளும் அவர் தோளும் ஒரே கட்டையின் கீழே.
மேலே ஆணி இறங்கியது.
கீழே சுவர் நிலத்தைத் தொடாமல் நின்றது.

அடிப்பட்டி இன்னும் அடிக்கவில்லை.
இரவில் சலவைக்கு இறங்கினால்
அந்த இடுக்கால் அவருடைய விளக்கு
என் பக்கத் தரையில் ஒரு முழம் வரும்.
நான் அதை மிதிப்பதில்லை.
ஏன் என்று தெரியாது.

ஏப்ரலில் பனி உருகியது.
ஒரு நாள் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தபோது
டேப்பை எடுத்துக் குனிந்து அளந்தேன்.
ஒன்றே முக்கால்.
நிலம் கால் அங்குலம் ஏறியிருக்கிறது.
மேலே கதவுகளெல்லாம் பூட்டுகின்றன.

நிமிரும்போதுதான் கண்டேன்,
கட்டையின் பக்கவாட்டில் அவருடைய சாய்ந்த எழுத்து:
மார்ச் ஒன்பது, இரண்டு.
மார்ச் முப்பது, இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு.
பக்கத்தில் ஆணியில் நூல் கட்டிப்
பென்சில் தொங்கியது,
என் பக்கமாக.

இன்றைய திகதியைப் போட்டேன்.